ஃபெனிடாயின் மாடல்ல யூனிட் செக் பண்றது எப்படி? உதவி வேணும்

வணக்கம் மக்களே, ஃபெனிடாயினுக்கு (வலிப்பு மருந்து) ஒரு கம்பார்ட்மென்ட் மாடல் எழுதிட்டிருக்கேன், அதாவது உடம்ப ஒரே தொட்டி மாதிரி எடுத்துக்கிட்டு மருந்து லெவல் கணக்கு பண்றது. வெளியேற்றம் மைக்கேலிஸ்-மென்டன், அதாவது லெவல் ஏற ஏற வெளியேறுற வேகம் ஒரு உச்சத்த நெருங்கி நின்னுடும். 70 கிலோ ஆளுக்கு வீமேக்ஸ் (அந்த உச்ச வேகம்) 490 மிகி/நாள், கேஎம் (வேகம் அதுல பாதியா இருக்குற செறிவு) 4 மிகி/லிட்டர், வால்யூம் (மருந்து பரவுற கொள்ளளவு) 45 லிட்டர்னு வச்சிருக்கேன். சமன்பாடு மருந்தோட அளவுக்குன்னா வீமேக்ஸ் அப்படியே உக்காரும், ஆனா செறிவுக்கு எழுதினா வால்யூமால வகுக்கணும், இல்லன்னா லிட்டர் மிச்சமா நிக்கும். நான்மெம்ங்கிற மாடலிங் மென்பொருளோட அட்வான்10 (இதே மாடலுக்கான ரெடிமேட் ரொட்டீன்)ல வேற மாதிரி, அங்க கேஎம்மே மில்லிகிராம்ல போகணும், அதாவது 4 இல்ல, 180.

பயம் என்னன்னா யூனிட் தப்பானாலும் எர்ரர் வராது, அழகா ஒரு வளைவு வந்துடும். இந்த மருந்துல அது ரொம்ப ஆபத்து, ஏன்னா இதே எண்கள்ல தினமும் 300 மிகி போனா நிலையான லெவல் 6.3, 400 போனா 17.8 மிகி/லிட்டர்!

இப்போ கையால ரெண்டு செக் பண்றேன்: வீமேக்ஸ்/கேஎம் லிட்டர்/நாள்ல வருதா, அப்புறம் மேல சொன்ன லெவல் சிமுலேஷன்ல கிடைக்குதான்னு. ஆனா ஆய்வகத் தரவுல கேஎம் மைக்ரோமோலார்ல, நேரம் நிமிஷத்துல வருது, அத சேர்க்கும்போது கைக்கணக்க மட்டும் நம்ப மனசு வரல.

எண்ணோட யூனிட்டயும் சேர்த்து சரிபார்க்குற ஆர் (R) மொழியோட யூனிட்ஸ் பேக்கேஜ், இல்லன்னா பைத்தானோட பின்ட், யாராவது யூஸ் பண்றீங்களா? சால்வர் (சமன்பாட்ட தீர்க்குற புரோகிராம்) உள்ளயே யூனிட்டோட ஓட்டுறீங்களா, இல்ல பாராமீட்டர் உள்ள போறப்போ மட்டும் சரிபார்த்துட்டு வெறும் எண்ணா அனுப்புறீங்களா? சின்ன கோட் உதாரணம் இருந்தா பகிருங்க ப்ளீஸ்.