மழைக்காட்டில் பார்த்ததில் இன்றும் மனசை அரிக்கும் ஒரு சம்பவம்: பகிருங்கள்

குடைமறந்தவன்:
இருவாச்சிப் பறவை (ஹார்ன்பில்) எப்படிக் கூடு வைக்கும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் மட்டும் விடும், ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டும். சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வால்பாறை, மார்ச் மாதம். எஸ்டேட் ஓரக் காட்டில் கூடு இருக்கிற மரத்தைத் தெரிந்தவர் ஒருவர் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நாங்கள் நான்கு பேர், மூன்று கேமரா. முதலில் சிறகுச் சத்தம்தான் வந்தது, நீராவி ரயில் மூச்சு வாங்குகிற மாதிரி. ஆண் எதிர்மரத்தில் உட்கார்ந்தது. தொண்டை புடைத்திருந்தது, உள்ளே அத்திப்பழம். ஒரு பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்தது. எங்களைப் பார்த்தது. திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டது. இப்படி மூன்று தடவை. அப்புறம் பறந்துவிட்டது. அரைமணி கழித்து வந்தது, மறுபடியும் அதே கதை.

நாங்கள் என்ன செய்தோம்? "பொறுடா, எப்படியும் ஊட்டித்தானே ஆகணும்" என்று கிசுகிசுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றோம். வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கீறலுக்குள்ளிருந்து பெட்டையின் அலகு நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது, திறந்தபடி. வரிசையாகப் பதினொரு படத்தில். ஆண் வந்த சத்தம் அதற்குக் கேட்டிருக்கிறது. அந்தப் படங்களை யாருக்கும் காட்டியதில்லை. அழிக்கவும் இல்லை.

ஒன்பதாம்_வளைவு:
உறுத்துகிறது என்கிறீர்கள், நல்லது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் நாலு பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? பெரிய இருவாச்சி இடுவது ஒன்றோ இரண்டோ முட்டை. ஒரு ஜோடி வருடத்துக்கு வளர்த்து வெளியே அனுப்புவது பெரும்பாலும் ஒரே ஒரு குஞ்சு.

என் அனுபவம் சின்னது. கேரளத்தில் வாழச்சால் காட்டில் கூடுகளைக் கண்காணிப்பது காடர் பழங்குடிகள். அவர்களில் ஒரு அண்ணன் கூட நடந்தேன். மரம் கண்ணுக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே உட்காரச் சொல்லிவிட்டார். ஆண் வந்து ஊட்டிப் போன பிறகு மட்டும் அடிமரத்துக்குப் போய், கீழே விழுந்திருந்த விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இது அத்தி இல்லை, இது குங்கிலியம், இது இன்னொன்று. "சின்னப் பையனா இருந்தப்போ இதே மரத்துல ஏறிக் குஞ்சை எடுத்துச் சாப்பிட்டிருக்கேன்" என்று சிரித்தார். நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

இனிமேல் போகிறவர்களுக்கு. ஆண் வந்து உட்காரும் கிளைக்கு எதிரே நிற்காதீர்கள். அது ஊட்டத் தயங்கினால் உங்களால்தான், உடனே பின்வாங்குங்கள். பளிச் நிற உடை வேண்டாம். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். படம் போட்டால் இடத்தைப் போடாதீர்கள். வருஷா வருஷம் அதே பொந்துக்குத்தான் அவை திரும்ப வரும். அவ்வளவு பெரிய பொந்து இருக்கிற மரம் காட்டில் அதிகம் கிடையாது, இவைகளால் சொந்தமாகக் குடைந்துகொள்ளவும் முடியாது. கூட்டு மரத்தைக் காட்டித் தருகிற "தெரிந்தவர்"களை முதலில் தவிருங்கள்.

மூணுகப்_காபி:
என்னுடையது கொஞ்சம் அசிங்கமான கதை. ஆனைமலையில் ஒரு காட்டுத் துண்டு. விழுந்து கிடந்த மரத்தின் மேல் மரநாய் எச்சம், அதில் முழுசு முழுசாகக் காபிக் கொட்டை. எனக்கு ஒரே குஷி. இதைத்தானே வெளிநாட்டில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிக் குடிக்கிறார்கள் என்று ஜோக் அடித்தேன். கூட வந்தவர் சிரிக்கவில்லை. கீழே பாருங்க என்றார்.

தரை முழுக்கப் பளபளவென்று கரும்பச்சை இலை. முழங்கால் உயரக் கன்றுகள். காட்டு மரத்துக் கன்றுகள் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டு மிதித்து வந்தேன். எல்லாம் ரோபஸ்டா காபி. பக்கத்துத் தோட்டத்தில் பழம் தின்கிற மரநாயும் குரங்கும் இங்கே வந்து விதைத்துவிட்டுப் போகின்றன. நிழல் தாங்கும் செடி, வெட்ட ஆள் இல்லை, பிறகென்ன. "அப்போ இதில் காட்டு மரத்துக் கன்று எது?" என்று கேட்டேன். குனிந்து தேட ஆரம்பித்தார். நான் இரண்டு போன் பேசி முடித்துவிட்டேன். அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

சாக்ஸ்_ஸ்பெஷலிஸ்ட்:
யாருமே அட்டையைப் பற்றிச் சொல்லவில்லையே! வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறு, ஜூலை மழை. தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை கொட்டுகிற இடங்களில் ஒன்று என்று தெரிந்தும் செருப்போடு போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட் பாட்டி "தம்பி, காலு" என்றார். செருப்பு முழுக்க ரத்தம், எனக்கு வலியே இல்லை. அவ்வளவுதான் கதை.

ஆனால் சில விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். உப்புப் போடுவது, சிகரெட் நெருப்பு வைப்பது எல்லாம் தப்பு. அட்டை வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். நகத்தை வாய்ப் பக்கம் வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள், வந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க ஹிருடின் மாதிரி ஒரு பொருளை அது விட்டிருக்கும், அதனால் விழுந்த பிறகும் ரத்தம் வரும், பயப்பட வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். நெருக்கமாக நெய்த அட்டை சாக்ஸ் கிடைக்கிறது, முழங்கால் வரை வரும், பேன்ட்டை அதற்குள் விடுங்கள். சாக்ஸின் மேல் புகையிலைத் தண்ணீர் தடவலாம், ஆனால் ஓடையில் கால் வைத்தால் போச்சு. வரிசையில் கடைசியாக நடக்காதீர்கள். முன்னால் போகிறவரின் அதிர்வும் மூச்சும் எழுப்பிவிட்ட அட்டை எல்லாம் உங்கள் காலுக்குத்தான். நிற்காதீர்கள். நின்றால் இலைக்கு இலை தலை தூக்கி ஆடிக்கொண்டு வரும். முகாமுக்குத் திரும்பியதும் தொப்புளையும் பாருங்கள், நான் சீரியசாகச் சொல்கிறேன்.

ஒன்பதாம்_வளைவு:
சாக்ஸ் அண்ணா, இது மருத்துவ முகாம் இல்லை. முதலில் பேசிக்கொண்டிருந்தது உறுத்துகிற அனுபவத்தைப் பற்றி.

சாக்ஸ்_ஸ்பெஷலிஸ்ட்:
தொப்புளில் அட்டை இருந்தால் உறுத்தும்.

தேயிலைக்கொழுந்து:
நான் வால்பாறையில் பிறந்தவள். நீங்களெல்லாம் காட்டுக்குள் போய்ப் பார்க்கிறீர்கள், எங்களுக்கு அது சமையலறைக்கே வரும்.

எங்கள் லைன் வீட்டுக்கு (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) எதிரில் நூறு ஹெக்டேருக்கும் குறைவான காட்டுத் துண்டு. சுற்றிலும் தேயிலை, நடுவில் தார்ரோடு. அதில் சோலைமந்திக் கூட்டம், சிங்கவால் குரங்கு என்பார்களே அது. அது கருமந்திதானே என்று யாராவது ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுகிறேன். கருமந்தி வேறு குரங்கு, அதற்கு வால் நுனியில் குஞ்சம் கிடையாது. இதற்கு உண்டு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரியும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத குரங்கு. தரைக்கே இறங்காது என்று எழுதுகிறார்கள். மரத்துக்கு மரம் தொடர்ந்து இருந்தால் இறங்காதுதான். ரோட்டுக்குக் குறுக்கே மேலே பாலம் கட்டிவிட்ட பிறகு சிலது அதில் போகின்றன.

ஒரு மத்தியானம் அம்மா கதவைத் திறந்தால் சிலிண்டர் மேல் ஒரு தாய்க்குரங்கு. வயிற்றில் குட்டி. சோற்றுப் பானையை மடியில் வைத்துக்கொண்டு, பரபரப்பே இல்லாமல், ஒரு கை சோறு எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. அம்மா விளக்குமாற்றை ஓங்கினார். அது ஓடவில்லை, பல்லைக் காட்டவும் இல்லை. அடுத்த கை சோற்றை எடுத்தது. குட்டி மட்டும் எங்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டார். "இதுங்க திங்கிற வெடிப்பலா மரம் இருந்த இடத்துலதானே நாம வீடு கட்டியிருக்கோம், தின்னுட்டுப் போகட்டும்" என்றார். அன்றைக்கு ராத்திரி எங்களுக்குச் சாப்பாடு கிடையாது, ரஸ்க்தான். மறுநாள் தாழ்ப்பாள் மாற்றினார்.

ஒன்பதாம்_வளைவுக்கு ஒரு வார்த்தை. கூட்டு மரம் காட்டுகிறவர்களைத் தவிருங்கள் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். காட்டுகிறவர் எங்கள் ஊர்க்காரராகத்தான் இருப்பார். கேமராக்காரர் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய் அவருக்கு ஏறக்குறைய ஒரு நாள் கூலி.

ஒன்பதாம்_வளைவு:
அது நியாயம். ஆனால் நான் அவர் மேல் பழி போடவில்லை.

தேயிலைக்கொழுந்து:
"முதலில் தவிருங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே போய்ப் படியுங்கள்.

இலக்கணப்புலி:
எல்லோரும் சோலை சோலை என்கிறீர்கள். சோலைக்காடு என்பது இன்னும் மேலே, புல்வெளிக்கு நடுவே மடிப்பில் நிற்கும் குட்டை மரக்காடு. வால்பாறையில் இருப்பது நடுமலை மழைக்காடு, மரம் நூறடிக்கு மேல் போகும்.

தேயிலைக்கொழுந்து:
எங்கள் ஊரில் ரெண்டுக்கும் சோலைதான் ஐயா. மேலும் நான் சோலைமந்தி என்று குரங்கைச் சொன்னேன், காட்டைச் சொல்லவில்லை.

குடைமறந்தவன்:
ஒன்பதாம்_வளைவு, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஒருவருக்குத் தோன்றியது. போகலாம் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். நான்தான் இன்னும் பத்து நிமிஷம் என்றேன். மரத்தைக் காட்டியவருக்கு நான் கொடுத்ததும் ஐந்நூறுதான். போன வருடம் அவரிடம் போனில் கேட்டேன், அந்தப் பொந்துக்கு இன்னும் வருகிறதா என்று. நீங்க போனதுக்கு அடுத்த வருஷம் வரலை, அதுக்கடுத்து நான் பார்க்கலை என்றார்.

மூணுகப்_காபி:
சாக்ஸ் அண்ணா, என்னை அட்டை கடித்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் அரிக்கிறது. இது சகஜமா?