வெற்றிட மட்டா, வெற்றிட மாட்டா? (வாலைக்கான துணைப்பகுதி)

ச. எழுதியது:
வணக்கம். தீநீரும் (மூலிகை, பூ வடிநீர்) வாசனை எண்ணெயும் வடிக்கும் 5 லிட்டர் வீட்டு வாலையின் (காய்ச்சி வடிக்கும் கலத்தின்) கையேடு தமிழாகிறது. அதனுடன் தனியாக வரும் ஒரு துணைப்பகுதிக்குப் பெயர் வேண்டும். ஆவியை நீராக்கும் குளிர்விப்பானின் வெளிமுனையில் மாட்டினால் வாலைக்குள் காற்றழுத்தத்தை 100 மில்லிபாருக்கு இறக்கும். உறுப்புகளைத் தனித்தனியே கழற்றி மாற்றலாம். இப்போதைக்கு ‘வெற்றிட இணைப்பு’ என்று போட்டிருக்கிறேன். ‘கழற்றி மாட்டத்தக்க’ என்பதையும் சேர்த்தால் வாக்கியத்துக்கே மூச்சு வாங்குகிறது. வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும்.

இரா. எழுதியது:
‘இணைப்பு’ வேண்டாம். குழாய் சேரும் இடத்தையும் அதே கையேடு இணைப்பு என்றுதானே சொல்லும்? “இணைப்பில் கசிவு இருந்தால் இணைப்பைக் கழற்றவும்” என்றால் எதைக் கழற்றுவது? குளிர்விப்பானிலிருந்து வரிசை இது: வடிந்ததைப் பிடிக்கும் பெறுகலம், பம்புக்கு ஆவி போகாமல் தடுக்கும் குளிர்ப்பொறி, அழுத்தமானி, காற்று விடும் ஊசித்திருகு, தடித்த சுவருள்ள குழாய், பம்பு. குழாய் மெல்லியதாக இருந்தால் உறிஞ்சும்போது சப்பி ஒட்டிக்கொள்ளும். இந்த வரிசை முழுவதற்கும்தான் பெயர் தேவை.

வே. எழுதியது:
முதலில் அது வெற்றிடமே இல்லை. 100 மில்லிபார் என்றால் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளே மிச்சம் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 46 டிகிரியில் கொதிக்கும், அவ்வளவுதான். ‘குறையழுத்தம்’ என்பதே சரி. வினைத்தொகையாகக் கொண்டால் குறைந்த, குறைகின்ற, குறையும் அழுத்தம் என்று முக்காலமும் அடங்கும். பம்பு ஓடும்போது நடப்பதும் அதுதானே!

ம. எழுதியது:
ஐயா, குறையழுத்தம் என்றதும் வாசகர் மயக்கம் வருகிறதா என்று பார்ப்பார். எள்+நெய் எண்ணெய், தேங்காய் எண்ணெயில் எள் எங்கே, மண்ணெண்ணெயில் நெய் எங்கே? வெற்றிடம் நிலைத்துவிட்ட சொல், விடுங்கள். கழற்றி மாற்றும் கூறுக்கு ‘மட்டு’ என்று சிலர் எழுதுகிறார்களே. ‘வெற்றிட மட்டு’?

வே. எழுதியது:
மட்டு என்றால் கள். கள் இருக்கும் சாடியும் மட்டுதான். புறநானூறு 113இல் “மட்டுவாய் திறப்பவும்” என்று வருகிறது. தீநீர் வடிக்கும் வாலைக்கு இந்தப் பெயரை வைத்தால் வேறு எதையோ வடிக்கச் சொல்வதாக ஆகிவிடும். வேண்டுமானால் ‘மாட்டு’ என்று வையுங்கள். தொல்காப்பியச் செய்யுளியல் அதை ஓர் உறுப்பாகவே சொல்கிறது. பொருள் அகன்று கிடந்தாலும் அணுகிக் கிடந்தாலும் கொண்டுவந்து கூட்டி முடிப்பது மாட்டு. பம்பு தள்ளி இருந்தாலும் வாலையோடு கூட்டுகிற உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

ம. எழுதியது:
அழகுதான். ஆனால் வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள். “மாட்டின் வாயில் கிரீஸ் தடவவும்.”

இரா. எழுதியது:
பெயர் எதுவானாலும் இருக்கட்டும், வினைச்சொற்களைச் சரியாகப் போடுங்கள். வரைவில் “பம்பை நிறுத்தி, சூட்டை அணைக்கவும்” என்று இருக்கிறது. தலைகீழ். முதலில் சூடு அணைய வேண்டும், கலம் ஆற வேண்டும், ஊசித்திருகை மெல்லத் திறந்து காற்று விட வேண்டும், கடைசியில்தான் பம்பு. பம்பை முதலில் நிறுத்தினால் அதன் எண்ணெய் குழாயில் ஏறலாம்; நீர் பாயும் வேகத்தால் காற்றை உறிஞ்சும் நீர்த்தாரைப் பம்பு என்றால் தண்ணீர் பெறுகலத்துக்கே திரும்பும்.

கசிவுச் சோதனையைக் கலம் காய்ந்து, குளிர்ந்து இருக்கும்போது செய்யச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் நீராவியே அழுத்தத்தை ஏற்றிவிடும், கசிவு என்று தவறாக எண்ணுவோம். 100 மில்லிபாருக்கு இறக்கி, பம்புக்குப் போகும் வழியை மூடி, 10 நிமிடம் முள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். 50க்கு இறக்கினால் இன்னும் நல்லது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: அங்கே நீர் 33 டிகிரியில் கொதிக்கும், அந்த ஆவியை 30 டிகிரிக் குழாய்நீர் பிடிக்காது, ஆவி பம்பை நோக்கிப் போகும்.

மெல்லிய தகட்டுப் பானையில் இதை மாட்டவே கூடாது. 20 செ.மீ. மூடியின் மேல் கிட்டத்தட்ட 290 கிலோ எடை அமுக்கும். தட்டையடிக் கண்ணாடிக் குடுவையோ கீறல் விழுந்த கண்ணாடியோ உள்நோக்கி வெடிக்கும்.

ச. எழுதியது:
நன்றி. இன்னொரு சொல்லும் சிக்கல். நீர் அமைதியாக இருந்து திடீரென்று மொத்தமாகத் தூக்கி எறிகிறதே, அதற்கு ‘பொங்குதல்’ போட்டிருந்தேன்.

இரா. எழுதியது:
பொங்குவது நுரையோடு மெல்ல ஏறும். இது எகிறுவது. கொதிநிலையைத் தாண்டிச் சூடேறிய நீர் ஒரே நொடியில் ஆவியாகிறது. கலத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், உள்ளே கலக்கும் கருவி ஓடட்டும். எகிறாமல் இருக்க உள்ளே போடும் ஓட்டுத் துண்டுகளை நம்ப வேண்டாம். துளைகளில் இருக்கும் காற்று போய்விட்டால் அவை வெறும் கல்.

வே. எழுதியது:
‘எகிறுகொதி’. வினைத்தொகை.

ம. எழுதியது:
இதற்கு மறுப்பில்லை!

ச. எழுதியது:
நேரம் முடிந்தது. குழாய் சேரும் இடத்தை ‘மூட்டு’ என்று மாற்றிவிட்டேன். துணைப்பகுதிக்கு ‘வெற்றிடத் தொகுப்பு’. உறுப்புகளைத் தனித்தனியே கழற்றி மாற்றலாம் என்பதை முதல் பக்கத்தில் ஒரே ஒருமுறை சொல்கிறேன். இரா., ம. இருவரும் சம்மதம் என்றார்கள், சோர்வினால் என்றே நினைக்கிறேன்.

வே. எழுதியது:
என் மறுப்பு பதிவாகட்டும்: குறையழுத்தத் தொகுப்பு. மேலும், பெறுகலம் என்பது நீட்டி முழக்குகிறது. ‘ஏற்கலம்’ என்று சுருக்கலாமே?

ம. எழுதியது:
ஐயா, ஏற்கலம் பிச்சைப் பாத்திரம்.