நித்தியகல்யாணி பற்றிப் பேச ஒருவர் தேவை

வணக்கம். சுங்கை சிப்புட்டில் படிவம் 6 மாணவி நான். தாவரப் பொருள்கள் புற்றுநோயை எப்படித் தடுக்கின்றன என்று ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன்.

நம் தோட்டத்து லயங்களில் பூக்கும் நித்தியகல்யாணியில்தான் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இருக்கிறது. உயிரணு இரண்டாகும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்களை அது உருவாக விடுவதில்லை. பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்த டாக்சோல் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து நேர்மாறு. அதே குழல்களைக் கலைய விடுவதில்லை. இரண்டிலும் உயிரணுப் பிரிவு பாதியில் நிற்கிறது. எவ்வளவு அழகான விஷயம்! ஆனால் நரம்பிலும் இதே குழல்கள் உண்டு, அதனால்தான் இந்த மருந்துகளை எடுப்பவர்களுக்குக் கைகால் மரத்துப்போகிறது. இதைக் குறைக்க என்ன செய்கிறார்கள்?

ஈப்போ பக்கம் மருந்தியல் படித்த அண்ணன், அக்கா யாராவது நேரம் ஒதுக்க முடியுமா? நானே வந்து பார்க்கிறேன்.

அப்புறம், தயவுசெய்து யாரும் நித்தியகல்யாணி இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்காதீர்கள். அது விஷம்.