புதுப்பிப்பு: கொட்டகை விமானத்துக்கு எந்தப் பெட்ரோல்?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் நெல் கொட்டகையில் கிட் விமானம் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் சிறு விமானம்) கட்டுவதையும், அதன் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு பங்க் பெட்ரோல் போடலாமா என்ற குழப்பத்தையும் ஐப்பசியில் எழுதியிருந்தேன். பலர் கேட்டதால் இந்தப் பதில்.

போடப் போவதில்லை. அந்த எஞ்சின் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் (கலக்கப்படும் ஆல்கஹால்) வரைதான் ஏற்கும். பங்கில் கிடைப்பதோ 20 சதவீதம். நானே சோதித்தேன்: அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் விட்டு, குலுக்கி நிறுத்தினேன். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துவிடும். அடியில் தண்ணீர் மட்டம் ஏறக்குறைய 28 மில்லிக்கு வந்துவிட்டது; அதாவது 90 மில்லி பெட்ரோலில் 18 மில்லி எத்தனால். பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. நம் ஊர் ஈரத்தில் எத்தனால் காற்றிலிருந்தும் தண்ணீரை இழுக்கும். அது டேங்கில் தனியாகப் பிரிந்தால் நடுவானில் எஞ்சின் நின்றுவிடும்.

அதனால் எத்தனால் கலக்காத விமானப் பெட்ரோலான ஏவ்கேஸ் 100எல்எல்தான். இந்தியன் ஆயில் 2022 முதல் இங்கேயே தயாரிக்கிறது. அதில் ஈயம் இருப்பதால் எஞ்சின் ஆயிலை 25 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். செலவுதான், பரவாயில்லை.

மழையில் இன்னொன்றும் நடந்தது. ப்ரைமர் (அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடிக்காமல் விட்ட இரண்டு அலுமினியத் தகடுகளில் அரிப்பால் வெள்ளைப் பூ பூத்துவிட்டது. தகடுகளை இணைக்கும் ரிவெட்டைத் துளைத்தெடுத்து, தேய்த்து, ப்ரைமர் அடித்து மறுபடி பொருத்தினேன். இரண்டு வாரம் போனது.

"எப்படா பறக்கும்?" என்று பெரியப்பா தினமும் கேட்கிறார். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் அனுமதி வரும்வரை தரையில்தான், பெரியப்பா. அடுத்து எஞ்சினைப் பொருத்துகிறேன்.