புதுப்பிப்பு: சோப்வித் கேமலின் மேல் இறக்கை பொருந்திவிட்டது

முதல் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் போர்விமானமான சோப்வித் கேமலை 1/48 அளவில் பிளாஸ்டிக் மாதிரியாகக் கட்டிவருகிறேன். அதன் கீழ் இறக்கை இருபுறமும் மேல்நோக்கிச் சாய்ந்தும் மேல் இறக்கை தட்டையாகவும் இருப்பதைக் கண்டு, பிளாஸ்டிக் நெளிந்துவிட்டதோ என்று ஐயுற்று, வெந்நீரில் காட்டி நிமிர்த்தலாமா என்று சென்ற முறை கேட்டிருந்தேன். நல்லவேளையாக நிமிர்த்தவில்லை. 1917இல் போர்முனைக்குச் சென்ற உண்மையான விமானமே அப்படித்தான் இருந்தது: உற்பத்தி எளிதாக வேண்டும் என்பதற்காக மேல் இறக்கையை நேராக அமைத்து, அதை ஈடுகட்டக் கீழ் இறக்கையின் சாய்வை 5 பாகையாகக் கூட்டியிருந்தார்கள்.

மேல் இறக்கை சரியாகப் பொருந்தாததற்குக் காரணமான கோளாறு, அதைத் தாங்கும் தாங்குகால்களில்தான் இருந்தது. உடற்பகுதியிலிருந்து எழும் நான்கு கால்களில் ஒன்றின் நுனியில், பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டியபோது நின்றுபோன அரை மில்லிமீட்டர் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது; அதுவே மேல் இறக்கையை ஒருபுறம் தூக்கிவிட்டது. அதை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, தடித்த அட்டையில் வெட்டிய தாங்கியில் இரு இறக்கைகளையும் நிறுத்தி, பசை ஓர் இரவு முழுவதும் காயும்வரை தொடாமல் விட்டேன்.

இனி, இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் இழுகம்பிகள். அக்காலத்துப் பிரிட்டிஷ் விமானங்களில் இவை காற்றைக் கிழிக்கும் தட்டை வடிவில் இருந்ததால், உருண்டை நூலைவிடத் தட்டையான மீள்நூலே பொருத்தமாகத் தோன்றுகிறது. 0.3 மில்லிமீட்டர் துளைகளை வண்ணம் பூசுவதற்கு முன்பே இட்டுவிட்டேன். தாங்குகால்கள் நின்றபின் துளைக்கருவி அங்கே நுழையாது. முதல் இரண்டு கம்பிகள் இன்று ஏறியுள்ளன, இறக்கை அசையவில்லை.