வாட்டர் பாட்டில் புடுங்குற வேலைதானா ஏர்போர்ட் செக்யூரிட்டி?

திருச்சி_சுதா:
எல்லாருக்கும் வணக்கம், ஒரு விஷயம் கேக்கணும். தங்கச்சி பிஎஸ்சி பிசிக்ஸ் முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு, இப்ப ஏர்போர்ட்ல செக்-இன் பெட்டிய எக்ஸ்ரேல பாக்குற ஸ்க்ரீனர் வேலை கெடச்சிருக்கு. ட்ரெயினிங் முடிச்சு, விமானப் பாதுகாப்ப கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான பிசிஏஎஸ் பரீட்சை பாஸ் பண்ணாத்தான் மெஷின்ல உக்கார விடுவாங்களாம். எங்க சித்தப்பா வீட்டு விசேஷத்துல எல்லார் முன்னாடியும் "வாட்டர் பாட்டில் புடுங்குற வேலைக்கா பொண்ண படிக்க வெச்சீங்க, பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்லு"ன்னுட்டாரு. அவ அன்னைக்கு சாப்பிடவே இல்ல. நெசமாவே இந்த வேலைக்கு மதிப்பு இல்லயா?

விமல்79:
சித்தப்பா சொன்ன விதம் தப்புங்க, ஆனா சொன்ன விஷயம் தப்புன்னு என்னால சொல்ல முடியல. 2001 டிசம்பர்ல ஒருத்தன் ஷூவுல வெடிமருந்து வெச்சு பாரிஸ்ல இருந்து மயாமி போற ஃப்ளைட்ல ஏறிட்டான், அத பத்தவெக்க பாக்கும்போது அமுக்குனது யாரு, கூட வந்த பயணிகளும் ஏர்ஹோஸ்டஸும்தான். அதுக்கப்பறம் அமெரிக்காவுல வருஷக்கணக்கா எல்லாரும் ஷூவ கழட்டுனாங்க, 2025 ஜூலைல அவங்களே இனிமே வேணாம்னு சொல்லிட்டாங்க. அதே மாதிரி 2006 ஆகஸ்ட்ல லண்டன்ல கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல திரவ வெடிகுண்டு கொண்டுபோக திட்டம் போட்டவங்கள புடிச்சாங்களே, அது போலீசும் உளவுத்துறையும் மாசக்கணக்கா பின்னாடியே போயி புடிச்சது, ஏர்போர்ட் வாசல்ல இல்ல, ஆனா கைப்பைல 100 மில்லிக்கு மேல திரவ பாட்டில் கூடாதுங்குற ரூல் மட்டும் நம்ம தலைல. 2015ல அமெரிக்காவுல அவங்க அரசாங்க ஆளுங்களே போலி வெடிகுண்டும் துப்பாக்கியும் எடுத்துக்கிட்டு ரகசியமா செக்கிங்குக்குள்ள போனாங்க, 70 தடவைல 67 தடவ மாட்டாம தாண்டிட்டாங்க. இத வேலைன்னு எப்படிங்க சொல்றது?

கதிர்_ஸ்காபரோ:
விமல் நீங்கள் சொல்லுற கணக்கு எல்லாம் சரிதான், ஆனா நீங்கள் கைப்பையைப் பற்றி மட்டும் கதைக்கிறீங்கள், அந்தப் பிள்ளை பாக்கப் போறது உள்ளுக்கு ஏத்துற பெட்டியை. நான் இருக்கிறது கனடாவில, இஞ்ச 1985 ஜூன் 23ஐ மறக்க ஏலாது. ஏர் இந்தியா 182, கனிஷ்கா எண்ட விமானம், பெட்டிக்குள்ள வச்ச குண்டு நடுவானில வெடிச்சு 329 பேர் செத்தவை, அதில 268 பேர் கனடாக்காரர். அது எப்பிடி நடந்தது எண்டு பாருங்கோ. வான்கூவரில ஒருத்தன் கவுண்டருக்கு வந்து, டொரன்டோவுக்கு அங்கால தன்ர டிக்கெட் கன்ஃபர்ம் ஆகாமலே பெட்டியை மட்டும் நேரா ஏர் இந்தியாவுக்கு டேக் பண்ணச் சொல்லி சண்டை பிடிச்சான், பின்னால நீள வரிசை நிண்டது, கவுண்டரில இருந்த பிள்ளை கடைசியில சரி எண்டு டேக் போட்டு விட்டா. ஆள் ஏறேல்ல, பெட்டி மட்டும் போனது. டொரன்டோவில அண்டைக்கெண்டு பாத்து எக்ஸ்ரே மெசின் பழுது, மிச்சப் பெட்டியளை கையில பிடிக்கிற ஒரு சின்னக் கருவியை வச்சு மோப்பம் பிடிச்சு விட்டினம். அதே நாள் அதே மாதிரி இன்னொரு பெட்டி ஜப்பானில நரிட்டா ஏர்போர்ட்டில வெடிச்சு பெட்டி தூக்கிற ரெண்டு தொழிலாளியள் செத்தவை. அவையின்ர வேலையையும் ஆரும் பெரிசா நினைக்கிறேல்ல.

விமல்79:
கதிர் அண்ணே, கனிஷ்கால தோத்தது மெஷின் மட்டும் இல்லயே. அந்த சதிக்கு பின்னாடி இருந்த ஆளுங்கள கனடா உளவுத்துறை முன்னாடியே கண்காணிச்சிட்டு இருந்துச்சு, ஒட்டுக்கேட்ட டேப்புகள பின்னாடி அவங்களே அழிச்சாங்க. 2010ல விசாரணை கமிஷன் ரிப்போர்ட் வந்தப்பறம் பிரதமர் ஹார்ப்பர் மன்னிப்பு கேட்டாரு. அதத்தான் நானும் சொல்றேன், விமானத்துல போறவன் உயிர் அரசியல்வாதிங்க கைலயும் ராணுவத்து கைலயும் இருக்கு. 1988ல ஈரான் விமானத்த அமெரிக்க போர்க்கப்பல் சுட்டு 290 பேர், 2014ல உக்ரைன் மேல சுட்டு வீழ்த்துன மலேசிய விமானம் எம்ஹெச்17ல 298 பேர், 2020 ஜனவரில தெஹ்ரான்ல ஈரானே சுட்ட உக்ரைன் விமானத்துல 176 பேர். இவங்க எல்லாரும் ஒழுங்கா செக்கிங் முடிச்சு ஏறுனவங்கதான். எந்த எக்ஸ்ரே இவங்கள காப்பாத்துச்சு? இன்னைக்கும் சண்டை நடக்குற நாட்டு மேல பறக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றது யாரோ, அவங்கதான் நெஜமான செக்யூரிட்டி.

மீனம்பாக்கம்_மணி:
தம்பி விமல், நான் கார்கோ செக்சன்ல 30 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன், கொஞ்சம் பொறுமையா கேளு. 1984 ஆகஸ்ட் 2 ராத்திரி நம்ம மீனம்பாக்கத்துல வெடிச்சுதே, 30 பேருக்கு மேல போனாங்க, உன் வயசுக்கு ஞாபகம் இருக்காது. அதுவும் கொழும்பு விமானத்துக்கு பெட்டிய போட்டவன் ஏறாம போயிட்டான், ஓரமா எடுத்து வெச்ச பெட்டி வெடிச்சது. ஒரு வருஷம் கூட ஆகல, கனிஷ்கா. ரெண்டுலயும் பாரு, பெட்டி இருந்துச்சு ஆளு இல்ல. இன்னைக்கு ஒருத்தர் போர்டிங்குக்கு வரலன்னா பெட்டிய தேடி எடுத்து கீழ எறக்கிட்டுத்தான் விமானம் கெளம்புது, நீ லேட்டாவுதேன்னு உள்ள உக்காந்து வாட்ச்ச பாத்துட்டு இருப்ப. அந்த ரூல இவ்வளவு கண்டிப்பாக்குனது இந்த சாவுங்கதான். நீ சொல்ற போர்க்கப்பல ஸ்க்ரீனர் தடுக்க முடியாது, வாஸ்தவம், அதுக்காக பெட்டிய பாக்காம விட்டுடலாமா?

அப்பறம் காந்தஹாருக்கு கடத்திட்டு போன நம்ம இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம். 1999 டிசம்பர் 24, காத்மாண்டுல அஞ்சு பேரு ஆயுதத்தோட ஏறுனாங்க. அங்க செக்கிங்ல கோட்ட விட்ட ஒரு சாயங்காலத்துக்கு நம்ம நாடு ஒரு வாரம் பதறி, பயணிகள மீட்க ஜெயில்ல இருந்த மூணு தீவிரவாதிங்கள வெளில விட்டுச்சு, அதுல மசூத் அசார் ஒருத்தன், போன கையோட ஜெய்ஷ்-இ-முகமதுங்குற தீவிரவாத அமைப்ப ஆரம்பிச்சான், 2019ல புல்வாமால 40 சிஆர்பிஎஃப் ஜவான்கள கொன்னதா ஒத்துக்கிட்டது அந்த அமைப்புதான். உலக அரசியல் வேற செக்கிங் வேறன்னு பிரிக்கிறியே, அந்த வாசல்ல இருந்துதான் அரசியலே ஆரம்பிச்சிருக்கு. அடுத்த வருஷமே ஏர்போர்ட்டுங்கள மத்திய தொழில் பாதுகாப்புப் படை, அதான் சிஐஎஸ்எஃப் கைல குடுக்க ஆரம்பிச்சாங்க.

விமல்79:
மணி சார், காத்மாண்டு விஷயத்த நான் அப்படி யோசிக்கல, ஒத்துக்கறேன். ஆனா அம்ரித்சர்ல முக்கா மணி நேரத்துக்கு மேல அந்த விமானம் நின்னுச்சே, அப்ப முடிவெடுக்காம விட்டது டெல்லிதானே, அதயும் சேத்துத்தான் பேசணும். சரி, அத விடுங்க, சுதா கேட்டது வேலைய பத்தி. நான் பயப்படுறது வேற. மெஷினே இப்ப சிடி ஸ்கேன் மாதிரி பெட்டிய சுத்தி சுத்தி படம் எடுத்து தானா அலாரம் அடிக்குது. பத்து வருஷம் கழிச்சு அந்த பொண்ணுக்கு அங்க என்ன இருக்கும்? சம்பளம் ஏறுமா? நைட் ஷிஃப்ட்ல கண்ணு போனதுதான் மிச்சம்னு ஆயிடக்கூடாது. நான் அந்த பொண்ண குறைச்சு பேசல, அவ நல்லா இருக்கணும்னுதான் கேக்கறேன்.

ரன்வே_ரேவதி:
இந்த கேள்வி நியாயமானது. நான் ஏடிசில, அதாவது விமானங்கள வழிநடத்துற கன்ட்ரோலர் வேலைல இருக்கேன். சுதா, தங்கச்சி பிசிக்ஸ், கூட மேத்ஸும் படிச்சிருந்தா ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி (ஏஏஐ) நடத்துற ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் ஏடிசி பரீட்சை எழுதலாமே? பொதுப் பிரிவுக்கு 27 வயசு வரைக்கும். எழுத்துத் தேர்வுக்கப்பறம் குரல் பரீட்சை இருக்கு, மெடிக்கல் இருக்கு, செலக்ட் ஆனா ட்ரெயினிங் அவங்களே குடுப்பாங்க. ஏர்போர்ட்னா பைலட், இல்லன்னா ஏர்ஹோஸ்டஸ், இது ரெண்டுதான் நம்ம வீடுகள்ல தெரியுது, அதான் எனக்கு வருத்தம்.

ஆனா ஏடிசி வந்தா அரசியல் தொடாதுன்னு நெனைக்காதீங்க. 1981 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஸ்ட்ரைக் பண்ண 11,000 கன்ட்ரோலர்களுக்கு மேல ரீகன் ஒரே அடியா வேலைய விட்டு தூக்குனாரு. 2018-19ல அங்க பட்ஜெட் சண்டைல அரசாங்கம் 35 நாள் முடங்குச்சு, ஸ்க்ரீனர்களும் கன்ட்ரோலர்களும் சம்பளம் இல்லாம வேலை பாத்தாங்க. கடைசி நாள் கன்ட்ரோலர் கொஞ்சம் பேரு வரல, நியூயார்க் லகார்டியாவுக்கு வர்ற விமானங்கள நிறுத்தி வெச்சாங்க, அன்னைக்கே டிரம்ப் எறங்கி வந்து கவர்மென்ட்ட தெறந்தாரு. மதிப்பு இல்லாத வேலைன்னா அவங்க வரலன்னதும் ஏன் நாடு நிக்கணும்?

கதிர்_ஸ்காபரோ:
அதுதான் கதை. 2025இலும் 43 நாள் அதே கூத்து நடந்தது, சம்பளம் இல்லாமல் நிண்டவை அதே ஆக்கள்தான்.

மீனம்பாக்கம்_மணி:
சுதாம்மா, மெஷின் பத்தி விமல் தம்பி கேட்டதுக்கு ஒண்ணு சொல்லிடறேன். அலாரம் அடிக்கிறது மெஷின், அடிச்ச பெட்டிய தொறக்கணுமா விடணுமான்னு சொல்றது ஆளு. படத்துல ஆரஞ்சு கலர்ல தெரிஞ்சா ஆர்கானிக், அதாவது சாப்பாடு, சோப்பு, பேப்பர், வெடிமருந்தும் அதே ஆரஞ்சுலதான் வரும். நீலம் உலோகம். ஊருக்கு போறவங்க பெட்டில மாவு, ஊறுகா, அல்வா எல்லாம் ஆரஞ்சா அடுக்கி இருக்கும், அதுக்குள்ள தப்பா ஒரு ஒயர் ஓடுதான்னு பாக்கணும். இருவது நிமிஷத்துக்கு மேல தொடர்ந்து ஸ்க்ரீன்ல உக்கார விடமாட்டாங்க, கண்ணு ஏமாத்தும்னு தெரிஞ்சுதான் அந்த ரூல். நடுநடுவுல மெஷினே பொய்யா ஒரு துப்பாக்கி படத்த பெட்டிக்குள்ள காட்டும், கண்டுபுடிச்சு பட்டன அமுக்கணும், விட்டா ரிப்போர்ட்ல ஏறும். இது வாட்டர் பாட்டில் புடுங்குற வேலை இல்லன்னு உங்க சித்தப்பாகிட்ட நான் சொன்னேன்னே சொல்லு.

விமல்79:
70ல 67ங்கறத இன்னும் நான் மறக்கல சார், அந்த கணக்குக்கு யாரும் பதில் சொல்லல. ஆனா அதுக்கு ஆள எடுக்காம விடுறது பதில் இல்ல, நல்லா படிச்ச ஆள எடுக்கணும், ஒழுங்கா சம்பளம் குடுக்கணும், அந்த வகைல பிசிக்ஸ் படிச்ச பொண்ணு உக்காந்தா எனக்கு சந்தோஷம்தான். ஆனாலும் சுதா, கான்ட்ராக்ட்டா பெர்மனென்ட்டா, பிஎஃப் இருக்கா, நைட் ஷிஃப்டுக்கு கூட்டிட்டு போக கேப் வண்டி உண்டா, இதெல்லாம் எழுத்துல வாங்காம கையெழுத்து போட விடாதீங்க.

திருச்சி_சுதா:
எல்லாத்தையும் அவளுக்கு படிச்சு காட்டுனேன். மணி அய்யா, அந்த ஆரஞ்சு கலர் விஷயத்த கேட்டதும் அவளே போன வாங்கி மறுபடி படிச்சா. ரேவதி அக்கா, மேத்ஸ் அலைடா படிச்சிருக்கா, அது போதுமான்னு நோட்டிஃபிகேஷன பாத்துட்டு சொல்றேன், வயசு இப்ப 22. விமல் அண்ணா கேக்கச் சொன்னதுல கேப் உண்டாம், கான்ட்ராக்ட் ரெண்டு வருஷம்னு சொல்றாங்க, பிஎஃப் பத்தி ஆஃபர் லெட்டர்ல ஒண்ணும் இல்ல, நாளைக்கு போன் பண்ணி கேக்கறோம்.

விமல்79:
போன்ல வேணாம்மா, மெயில் போடுங்க.