"தேய்மானம்" என்று எழுதியிருந்தார்: பிலாட்டீஸ் வகுப்பில் நாம் தவறாகப் புரிந்துகொண்ட சொற்கள்

ஃபேர்லேண்ட்ஸ், சேலம் (தொடங்கி வைப்பவர்)

சென்ற ஆடி மாதத்தில் அறுபத்து மூன்று வயதான அம்மா ஒருவர், தரைவிரிப்பின் மேல் பிலாட்டீஸ் உடற்பயிற்சி செய்யும் என்னுடைய மேட் வகுப்பில் சேர்ந்தார். சேர்க்கைப் படிவத்தில் உடல்நிலை பற்றிய இடத்தில் "தேய்மானம்" என்ற ஒரே சொல்லை எழுதியிருந்தார். நம் ஊரில் தேய்மானம் என்றால் முழங்கால்தான் என்ற பழக்கத்தில், மண்டியிடும் பயிற்சிகளை மட்டும் அவருக்கு விலக்கிவிட்டு, மற்றவர்களோடு சேர்த்து, படுத்தபடி தலையையும் தோள்களையும் தூக்கிக் கைகளை அசைக்கும் ஹண்ட்ரடையும், முதுகைச் சுருட்டி எழும் ரோல் அப்பையும் செய்ய வைத்தேன்.

மூன்றாவது வாரம் வகுப்பு முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, பக்கத்தில் நின்றவரிடம் சிரித்தபடி ஒன்று சொன்னார். வருடக்கணக்காகக் கட்டும் அதே பாவாடை இப்போது தரையில் இழுபடுகிறதாம். இடுப்பில் ஒரு சுற்று மடித்துக் கட்ட வேண்டியிருக்கிறதாம். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. வயதானவர்களின் உயரம் குறைவது, முதுகின் முள்ளெலும்புகள் ஓசையின்றி நசுங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே அவருடைய மகளை அழைத்துப் பேசினேன். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் டி ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்படர்த்தியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.9 என்று வந்தது, மைனஸ் 2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்). "எலும்பு தேஞ்சிருக்கு" என்று முன்பே ஒரு மருத்துவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் எழுதியது சரி. படித்த நான்தான் முழங்காலோடு நின்றுவிட்டேன்.

எலும்புப்புரை உள்ளவர் முதுகைச் சுருட்டி எழும்போது முள்ளெலும்புகளின் முன்விளிம்பில் அழுத்தம் குவிகிறது. 1984-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு 59 பெண்களை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வுதான் என்றாலும், முன்புறம் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்கு முள்ளெலும்பு நசுங்கல் கூடியிருந்தது என்பதும், முதுகைப் பின்புறம் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் அது 16 விழுக்காடாகவே இருந்தது என்பதும் நம் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாதவை. அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என் திறமை எதுவும் இல்லை.

மாணவர் சொன்னது ஒன்று, நாம் எடுத்துக்கொண்டது வேறொன்று என்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

ஏற்காடு

இங்கே ஒரு காபித் தோட்ட விடுதியில் வார இறுதிகளில் காலை வகுப்பு எடுக்கிறேன். கீழிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருபவர்களில் ஒருவருக்காவது தலைசுற்றும்; அதனால் தலைசுற்றல் என்று யார் சொன்னாலும் எலுமிச்சைச் சாறு கொடுத்து உட்கார வைப்பதே என் வழக்கமாக இருந்தது.

சேலத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண், மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகள் தொடங்கிச் சில நிமிடங்களில் வெளிறிப்போய், மேலுதட்டில் வியர்வை அரும்ப, "சுத்துதுங்க்கா" என்றார். முதல் நாள் மாலையே மலையேறி வந்து இரவு நன்றாக உறங்கியவருக்குக் காலையில் வளைவுகள் என்ன செய்யும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தளர்வான குர்தா அணிந்திருந்தார். கேட்டேன், ஐந்தரை மாதம். உடனே இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்ததும் சற்று நேரத்தில் முகத்தில் நிறம் திரும்பியது. கர்ப்பப்பை கனத்த பிறகு மல்லாந்து படுத்தால், கீழுடலின் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் பெருஞ்சிரை அதன் அடியில் அழுந்தும் என்று பயிற்சியில் படித்திருந்தேன், பார்த்தது அன்றுதான். வகுப்பை அத்துடன் நிறுத்தி, அவருடைய மருத்துவரிடம் அன்றே பேசச் சொல்லி அனுப்பினேன்.

அவருடைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். "நோய் ஏதேனும் உண்டா?" என்று அச்சடித்திருந்தேன், "இல்லை" என்று எழுதியிருந்தார். கர்ப்பம் நோயா என்ன?

அஸ்தம்பட்டி, சேலம்

என்னுடையது ரிஃபார்மர் கதை; ஸ்பிரிங்குகள் இழுக்கும் நகரும் பலகை கொண்ட பிலாட்டீஸ் கருவி அது. "இன்னைக்கு ஒடம்பு முடியலைங்க, லேசா வைங்க" என்று ஒரு மாணவி கேட்டார். நானும் யோசிக்காமல் ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டேன். படுத்துக்கொண்டு காலால் உந்தும் பயிற்சியில் ஸ்பிரிங் குறைந்தால் சுமை குறையும், அது உண்மை. ஆனால் அடுத்து நாங்கள் செய்தது, கருவியின் ஒரு முனையில் உள்ள கம்பியான ஃபுட்பாரில் கைகளை ஊன்றி, நகரும் பலகையில் கால்களை வைத்து உடலைப் பலகைபோல் நேராகத் தாங்கும் லாங் ஸ்ட்ரெச். அதில் ஸ்பிரிங்தான் பலகையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும் துணை. அதைக் குறைத்தால் முழுப் பொறுப்பும் அவருடைய வயிற்றுத் தசைகளின் மேல் விழுகிறது. அன்று அவரிடம் இல்லாததும் அந்தப் பலம்தான். பலகை பின்னால் ஓடியது, தாடை ஃபுட்பாரில் மோதியது, இரண்டு தையல். நான் அறையின் மறுமூலையில் பாட்டின் ஒலியைக் குறைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது "லேசாக" என்றால், ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன் பயிற்சியை மாற்றுகிறேன். ஒருவர் முதல்முறை அந்த நிலைக்குப் போகும்போது என் கை பலகையின் மேல் இருக்கும்.

ஆத்தூர்

சுருக்கமாக ஒன்று. "பிரஷர் இருக்கு, மருந்து விடறேன்" என்றார் ஒரு பெரியவர். இரத்த அழுத்தம் என்று எடுத்துக்கொண்டேன். மருந்து "சாப்பிடுகிறேன்" என்னாமல் "விடுகிறேன்" என்றதை வீட்டுக்குப் போன பிறகுதான் யோசித்தேன். அது கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்து. நல்லவேளையாக, கால்களைத் தலைக்கு மேலே கொண்டுபோகும் ரோல் ஓவரை அன்று தொடங்கியிருக்கவில்லை. தலை கீழே போகும் நிலைகளில் கண்ணின் அழுத்தம் ஏறும்.

பிசியோதெரபிஸ்ட், சேலம்

நான் பிலாட்டீஸ் ஆசிரியர் அல்லேன். ஆசிரியை ஒருவர் அனுப்பிய ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறேன். சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்பவர், முப்பத்தெட்டு வயது. நாள் முழுவதும் சம்மணமிட்டுக் குனிந்தே இருக்கும் முதுகு. "நரம்பு இழுக்குது" என்று அந்த ஆசிரியையிடம் போயிருக்கிறார். ஆசிரியை பயிற்சியைத் தொடங்காமல் எங்கே இழுக்கிறது, எங்கே மரத்திருக்கிறது என்று கேட்டிருக்கிறார். இரண்டு கால்களையும் காட்டியவர், அதற்குமேல் சொல்லத் தயங்கியிருக்கிறார். அந்த ஆசிரியை ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றிருக்கிறார். "பைக் சீட்ல உக்காந்தா உக்காந்த மாதிரியே தெரியல. ஒண்ணுக்கு சரியா போகல" என்று அந்தத் தாளில் இருந்தது. அந்தத் தாளோடுதான் என்னிடம் வந்தார்.

முதுகுத்தண்டின் அடியில் குதிரைவால்போல் பிரியும் நரம்புக்கற்றையை விலகிய டிஸ்க் நசுக்கும்போது தோன்றும் அறிகுறிகள் இவை. இதில் எனக்கும் வேலை இல்லை; அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினேன். அன்றிரவே எம்ஆர்ஐ, மறுநாள் அறுவை. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். நாலு நாள் முதுகை நீட்டிப் பார்ப்போம் என்று அந்த ஆசிரியை நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

சூரமங்கலம், சேலம்

எல்லாம் சரி. ஆனால் சேர வருபவரிடம் இத்தனை கேள்விகள் கேட்டால், "ஆஸ்பத்திரியா இது?" என்று பக்கத்து ஜிம்முக்குப் போய்விடுகிறார்கள். வாடகையை யார் கட்டுவது? நம்மை இப்படிக் கேட்கச் சொல்லும் சட்டமும் கிடையாதே.

ஃபேர்லேண்ட்ஸ், சேலம் (தொடங்கி வைத்தவர்)

சூரமங்கலத்தாரின் கவலை நியாயமானது. எனக்கும் இரண்டு பேர் போனார்கள். பிலாட்டீஸ் என்பது பொதுப்பெயரே என்று 2000-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு யார் வேண்டுமானாலும் அந்தப் பெயர்ப்பலகையை மாட்டலாம் என்பதும் தெரிந்ததே. ஆனால் ஜோசப் பிலாட்டீஸ் 1945-இல் வெளியிட்ட நூலின் 34 பயிற்சிகளில் முதல் மூன்றுமே முதுகை முன்புறம் சுருட்டுபவை. வரிசை மாறாமல் அதை அப்படியே நடத்தினால், என் வகுப்பின் அந்த அம்மாவுக்கும் அந்தக் கொலுசுத் தொழிலாளிக்கும் வகுப்பின் முதல் பத்து நிமிடங்களே தவறாகிவிடும்.

கேள்விகளின் எண்ணிக்கையை நான் கூட்டவில்லை. அவற்றின் சொற்களைத்தான் மாற்றினேன். "நோய் உண்டா?" என்பதை எடுத்துவிட்டேன். "தேய்மானம் எந்த இடத்தில், யார் சொன்னார்கள்?", "உயரம் குறைந்ததுபோல் தோன்றுகிறதா?", "கர்ப்பமாக இருக்கிறீர்களா, சமீபத்தில் பிரசவமா?", "என்ன மாத்திரை, என்ன சொட்டு மருந்து?" என்று கேட்கிறேன். ஏற்காட்டு அனுபவத்தைப் படித்தபின் "நோய்" என்ற சொல் படிவத்தில் வேறெங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். ஓரிடத்தில் இருந்தது, அதையும் அடித்துவிட்டேன்.

அந்த அம்மா மருத்துவரின் ஒப்புதலோடு இப்போதும் செவ்வாய், வெள்ளிகளில் வருகிறார். நெற்றிக்கடியில் மடித்த துண்டை வைத்துக் குப்புறப் படுத்து, மார்பெலும்பை மட்டும் நான்கு விரற்கடை உயர்த்துகிறார். ரோல் அப் நேரத்தில் மற்றவர்கள் எழும்போது, "எனக்கு மட்டும் ஏன் லீவு?" என்று இன்னமும் கேட்கிறார்.